புழுக்களை ஆராய்ந்த மாணவர் தூக்குமேடை ஏறியது ஏன்? அலெக்சாந்தர் உலியானவ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலெக்சாந்தர் உலியானவ் யார்?

ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொல்ல 1887ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று நடந்த முயற்சியில் முக்கியப் பங்கு வகித்ததற்காக, அதே ஆண்டு மே 8 அன்று ஷ்லிஸ்ஸல்பர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 21. அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் லெனின் என்று உலகம் அறிந்த விளாதிமிர் உலியானவின் அண்ணன் இவர். (இங்கே தரப்படும் தேதிகள் அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி அமைந்தவை, நம் நாட்காட்டிக்குப் பன்னிரண்டு நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

தம்பியின் புகழால்தான் இவருடைய பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் தம்பியை முழுவதுமாக மறந்துவிட்டுப் பார்த்தாலும் இவருடைய வாழ்க்கை கவனத்துக்கு உரியதே. அமைதியான, படிப்பில் தோய்ந்த ஓர் இளைஞர் கொலைச் சதி வரை எப்படி வந்து சேர்ந்தார் என்பதை ஏறக்குறைய மாதவாரியாகப் பின்தொடரும் அளவுக்கு, அவர் கைப்பட எழுதிய வாக்குமூலமும், அக்கா ஆன்னாவும் உடனிருந்த தோழர்களும் எழுதிய நினைவுக் குறிப்புகளும் நமக்குக் கிடைக்கின்றன.

வறுமையோ குடும்பச் சிக்கலோ அவரை இந்தப் பாதைக்குத் தள்ளியதா?

இல்லை. தந்தை இலியா உலியானவ், வோல்கா நதிக்கரை நகரமான சிம்பிர்ஸ்க்கைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தில் முதலில் பள்ளி ஆய்வாளராகவும் பிறகு பள்ளிகளின் இயக்குநராகவும் பணியாற்றியவர்; பனியிலும் சேற்றிலும் ஊர் ஊராகச் சென்று கிராமப் பள்ளிகளைத் திறந்தவர்; ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, கல்வி ஒன்றாலேயே உயர்ந்து, அரசிடம் விருதும் பிரபுப் பட்டமும் பெற்றவர். தாய் மரியா அலெக்சாந்த்ரவ்னா பிள்ளைகளுக்கு மொழிகளையும் இசையையும் வீட்டிலேயே கற்றுத்தந்தார். ஆறு பிள்ளைகள் கொண்ட, அன்பும் ஒழுங்கும் நிறைந்த வீடு அது. 1883இல் உயர்நிலைப் பள்ளியை அலெக்சாந்தர் தங்கப் பதக்கத்துடன் முடித்தார்.

தீவிர அரசியலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் சிதைந்த குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்று நினைப்பது பெற்றோருக்கு ஆறுதலாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தவே இல்லை. மக்களுக்குத் தொண்டு செய்வது மனிதனின் கடமை என்பதைத் தந்தை பேச்சாலும் வாழ்க்கையாலும் கற்பித்தார். அந்தக் கடமையை மகன் வேறொரு பொருளில் எடுத்துக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் அவர் எப்படிப்பட்ட மாணவராக இருந்தார்?

முதல் இரண்டரை ஆண்டுகள் அவரைப் பார்த்தவர்கள் எவரும் பேராசிரியர் ஆகப்போகிறவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மண்புழு, அட்டை முதலியவற்றை உள்ளடக்கிய வளைத்தசைப்புழுக்கள் பற்றிய அவருடைய ஆய்வுக்கு 1886இல் பல்கலைக்கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. அந்த ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோதும் விடியற்காலையில் எழுந்து நுண்ணோக்கியின் முன் அமர்ந்துவிடுவாராம். அதைப் பார்த்த தம்பி விளாதிமிர், புழுக்களுக்கு இவ்வளவு நேரம் செலவிடுகிற அண்ணன் ஒருநாளும் புரட்சியாளர் ஆகமாட்டான் என்று நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் தம் மனைவி குரூப்ஸ்கயாவிடம் கூறியிருக்கிறார். ஒரே வீட்டில் வளர்ந்த தம்பிக்கே தெரியாத ஒன்று அப்போது அண்ணனின் மனத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

அரசியல் குழுக்கள் அவரை அதற்கு முன்பே அணுகியிருந்தன. அவர் ஒதுங்கியே இருந்தார். மருத்துவம் அறியாதவர் நோயாளிக்கு மருந்து கொடுப்பது தவறு என்றால், சமூக நோயின் காரணம் அறியாமல் அதற்கு மருந்து கொடுக்கப் புறப்படுவது அதைவிடப் பெரிய தவறு என்ற கருத்தில் அவர் பேசியதாகத் தோழர்கள் நினைவுகூர்கிறார்கள். எனவே அவர் முதலில் படிக்கத் தொடங்கினார்: பொருளியல், விவசாயிகளின் வரலாறு, மார்க்ஸின் நூல்கள் என்று அந்த வாசிப்பு விரிந்தது.

அன்றைய பல்கலைக்கழகச் சூழல் எப்படி இருந்தது?

இரண்டாம் அலெக்சாந்தர் 1881 மார்ச் 1 அன்று ‘மக்கள் விருப்பம்’ என்னும் இயக்கத்தாரின் குண்டுக்குப் பலியானார். அவருடைய மகன் மூன்றாம் அலெக்சாந்தரின் அரசு, கல்வி பெற்ற இளைஞர் அனைவரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1884இல் கொண்டுவரப்பட்ட சட்டம் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைப் பறித்தது, மாணவர் சங்கங்கள் தடை செய்யப்பட்டன, சீருடை கட்டாயமாயிற்று, மாணவர்களைக் கண்காணிக்கவென்றே அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். ஒரே மாகாணத்திலிருந்து வந்த மாணவர்கள் சேர்ந்து நடத்திய ஊர்ச் சங்கங்கள்கூடச் சட்டவிரோதம். அந்தச் சங்கங்கள் செய்தது என்ன? ஏழை மாணவர்களுக்குக் கடன் கொடுத்தன, சிறு நூலகம் வைத்தன, மலிவு விலையில் உணவு கிடைக்க வழி செய்தன. பின்னர் சதியின் முதல் அமைப்பாளராக விளங்கிய பியோத்தர் ஷெவிரியோவ் முதலில் பெயர் பெற்றது மாணவர் உணவகம் நடத்தியதில்தான்.

விவசாயிகளின் வரலாற்றைக் கற்பித்து மாணவர்களின் மதிப்பைப் பெற்றிருந்த செமெவ்ஸ்கி என்ற ஆசிரியர் 1886இல் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்டார். சோறு போடுவதும் குற்றம், வரலாறு சொல்வதும் குற்றம் என்று ஆகிவிட்ட இடத்தில், குற்றத்துக்கும் குற்றமற்றதுக்கும் இடையே இளைஞர்கள் மனத்தில் இருக்க வேண்டிய கோடு அழிந்துபோகிறது. சதியின் பழி அரசின்மேல் மட்டும் விழ வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அலெக்சாந்தரின் மாற்றத்தை இதைக் கணக்கில் கொள்ளாமல் விளக்கவே முடியாது.

திருப்புமுனை எது?

1886 நவம்பர் 17. விமர்சகர் தொப்ரல்யூபவ் மறைந்து அன்றோடு 25 ஆண்டுகள் நிறைந்தன. இருபத்தைந்து வயதிலேயே இறந்துபோன அந்த எழுத்தாளர் மாணவர்களுக்கு ஆதர்சம். வோல்கவோ கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதிக்கு மலர்வளையம் வைத்து, ஒரு வழிபாடு நடத்திவிட்டுத் திரும்புவதற்காக நூற்றுக்கணக்கான மாணவ மாணவியர் திரண்டனர். அலெக்சாந்தரும் அக்கா ஆன்னாவும் அவர்களுள் இருந்தனர். கல்லறைத் தோட்டத்தின் வாயில் பூட்டியிருந்தது, காவலர்கள் நின்றிருந்தனர். நீண்ட வாதத்துக்குப் பிறகு மலர்வளையம் வைக்கச் சிலரை மட்டும் உள்ளே விட்டனர். மற்றவர்கள் நகர மையத்தை நோக்கி நடக்கத் தொடங்கியபோது கொசாக் குதிரைப்படை வந்து சூழ்ந்துகொண்டது. மழையிலும் குளிரிலும் மணிக்கணக்கில் அவர்களை நடுத்தெருவில் நிறுத்திவைத்து, சிறு சிறு கூட்டமாக விடுவித்தார்கள். அடுத்த நாட்களில் ஏறக்குறைய நாற்பது பேர் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பலருக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது.

அன்று நடந்ததை விவரிக்கும் துண்டறிக்கை ஒன்று ‘நவம்பர் 17’ என்ற தலைப்பில் வெளிவந்தது. அதை எழுதியதில் அலெக்சாந்தருக்கு முக்கியப் பங்கு உண்டு. அரசு நம்பியிருக்கும் முரட்டு வலிமையை நாமும் வலிமையால் எதிர்ப்போம், ஆனால் நம்முடையது ஒழுங்கமைக்கப்பட்ட வலிமையாக இருக்கும் என்ற பொருளில் அது முடிகிறது. கல்லறைக்குப் பூ வைக்கச் சென்ற நாளுக்கும், பையில் குண்டுடன் மாணவர்கள் நெவ்ஸ்கி பெருவீதியில் நின்ற நாளுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை.

யாராவது அவரை மூளைச்சலவை செய்து இழுத்துச் சென்றார்களா?

பெற்றோர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். நேரடியான பதில், இல்லை என்பதே. அவரைவிட வயதில் மூத்த, தந்திரம் நிறைந்த ஒரு தலைவர் பின்னணியில் இருக்கவில்லை. ‘மக்கள் விருப்பம்’ இயக்கத்தின் பழைய தலைவர்கள் தூக்கிலோ சிறையிலோ வெளிநாட்டிலோ இருந்தனர். ஷெவிரியோவ், கவருகின், லுகஷேவிச், அலெக்சாந்தர் ஆகிய மாணவர்கள் அந்த இயக்கத்தின் ‘பயங்கரவாதப் பிரிவு’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். முயற்சியைத் தொடங்குவதில் வேகம் காட்டியவர் ஷெவிரியோவ். அலெக்சாந்தர் பிறகு சேர்ந்தவர்.

ஆனால் ஒருவரும் இழுக்கவில்லை என்பதால் அவர் முற்றிலும் சுதந்திரமாக நடந்தார் என்றும் பொருளாகாது. நடந்ததைக் கவனியுங்கள். 1887 பிப்ரவரி நடுவில் ஷெவிரியோவ் காசநோய் முற்றி, சிகிச்சைக்காகக் கிரிமியாவுக்குப் போய்விட்டார். சில நாட்களில் கவருகின், கைது நேரலாம் என்று அஞ்சி வெளிநாட்டுக்குத் தப்பினார். அவருடைய பயணச் செலவுக்காக அலெக்சாந்தர் தம் தங்கப் பதக்கத்தை நூறு ரூபிளுக்கு அடகு வைத்தார். குண்டு எறிய முன்வந்த மூவர் காத்திருந்தனர். வேதியியல் நன்கு அறிந்தவராக எஞ்சியிருந்த சிலருள் அவர் ஒருவர். தாம் விலகினால் இவர்கள் அரைகுறை ஏற்பாட்டோடு சாவுக்குப் போவார்கள் என்ற நிலையில், பொறுப்புணர்வு மிக்க அந்த இளைஞரால் பின்வாங்க முடியவில்லை. அவரைக் கட்டிப்போட்டது கொள்கையைவிட அதிகமாக நட்பும் நாணயமும்தான் என்பது என் முடிவு. ஒரு சிறு குழு, இரகசியம், குறித்துவைத்த ஒரு நாள் ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், வேண்டாம் என்று சொல்வது துரோகம் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது. நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று சொன்னவர், தம் சொந்த அளவுகோலைத் தாமே கைவிட்டது அந்தச் சில வாரங்களில்தான்.

அவரோடு சேர்ந்து கோபப்படவும், அதே மூச்சில் குண்டு வேண்டாம் என்று சொல்லவும் கூடிய ஒரு மூத்தவர் அருகில் இல்லை. தந்தை 1886 ஜனவரியில் மூளை இரத்தக்கசிவால் இறந்துபோயிருந்தார். நம்பத்தக்க ஆசிரியர்கள் விலக்கப்பட்டிருந்தனர். எஞ்சியிருந்தவர்கள் பேசத் தயங்கினர். அக்கா ஆன்னா அதே நகரத்தில் படித்துவந்தார். ஆனால் அவரை ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அலெக்சாந்தர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அப்படியிருந்தும், மார்ச் 1 அன்று தம்பியின் அறைக்கு வந்த ஆன்னாவும் கைதானார்.

அந்தக் குழுவின் கோரிக்கைகள் யாவை?

குழுவின் திட்ட அறிக்கையை எழுதியவர் அலெக்சாந்தர்; சிறையில் நினைவிலிருந்து அதை மீண்டும் எழுதிக் கொடுத்தார். மக்கள் தேர்ந்தெடுக்கும் நிரந்தரப் பிரதிநிதிகள் சபை, உள்ளாட்சி, பேச்சு, எழுத்து, கூட்டம், மனச்சாட்சி ஆகியவற்றுக்கான சுதந்திரம், இலவசக் கல்வி, நிலமும் தொழிற்சாலைகளும் பொதுவுடைமை ஆதல் என்பன அதிலுள்ள முக்கியமானவை. இவற்றுள் பல இன்று பல நாடுகளின் அரசமைப்புச் சட்டங்களில் காணக்கூடியவை. குறைந்தபட்சச் சுதந்திரங்களாவது கிடைத்தால் வன்முறையைக் கைவிட்டு, மக்களிடையே அறிவுப் பணி செய்ய இயலும் என்றும் அந்த அறிக்கை கருதியது. அதாவது குண்டு அவர்களுக்கு இலக்காக இருக்கவில்லை. பேச இடம் பெறுவதற்கான கருவியாக அதை அவர்கள் கண்டார்கள்.

நோக்கம் உயர்ந்தது என்றால், அவரைத் தியாகி என்று கொண்டாடலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தக் குண்டுகளில் ஈயக் குண்டுமணிகள் நிரப்பப்பட்டிருந்தன. அவற்றில் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு பூசப்பட்டிருந்தது. சிறு காயம் பட்டாலும் சாவு நேர வேண்டும் என்பது அதன் நோக்கம். அவற்றை வீசக் குறித்த இடம் நெவ்ஸ்கி பெருவீதி. கடைகளும் வண்டிகளும் நடந்துசெல்வோரும் நிறைந்த, தலைநகரின் முதன்மையான தெரு. பேரரசரின் வண்டியோட்டியும், தெருவோரம் நின்ற ஒரு பெண்ணும், அவள் கையிலிருந்த குழந்தையும் எந்த அறிக்கையையும் படித்தவர்கள் அல்லர். ஒரு குண்டு தடித்த புத்தகத்தின் வடிவில் செய்யப்பட்டிருந்தது. புத்தகங்களோடு வாழ்ந்த ஒருவருடைய குழு அப்படி ஒன்றைச் செய்தது என்பதைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

அவருடைய நேர்மையை மதிக்கலாம். அவருடைய கோபத்தின் நியாயத்தை ஏற்கலாம். அவர் தேர்ந்தெடுத்த செயலை மன்னிக்க அவையிரண்டும் போதமாட்டா.

சதி எப்படி வெளிப்பட்டது?

குழுவைச் சேர்ந்த அந்திரேயூஷ்கின், பயங்கரவாதத்தை உற்சாகமாகப் புகழ்ந்து கார்க்கவில் இருந்த நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். காவல்துறை அதை வழியில் பிரித்துப் படித்தது. அதன் பிறகு அவர் பின்தொடரப்பட்டார். தந்தையின் ஆறாம் ஆண்டு நினைவு வழிபாட்டுக்குப் பேரரசர் செல்லவிருந்த மார்ச் 1 அன்று, நெவ்ஸ்கி பெருவீதியில் உலவிக்கொண்டிருந்த அந்திரேயூஷ்கின், கெனராலவ், ஒசிபானவ் ஆகிய மூவரையும் உடனிருந்தவர்களையும் பிடித்தார்கள். அவர்களிடம் குண்டு இருந்தது என்பது பிடித்த காவலர்களுக்கே முதலில் தெரியாது. காவல் நிலையத்தில் ஒசிபானவ் தம் குண்டை வீசியபோது அது வெடிக்கவில்லை.

விசாரணையின்போது அலெக்சாந்தர் எப்படி நடந்துகொண்டார்?

பிடிபட்டவர்களில் சிலர் எல்லாவற்றையும் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றனர். அலெக்சாந்தர் தம் பங்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டதோடு, மற்றவர்களின் குற்றத்தையும் தம்மேல் ஏற்றிக்கொண்டார். அவருடைய வாக்குமூலத்தைப் படித்த பேரரசர், இந்த வெளிப்படைத்தன்மை மனத்தைத் தொடக்கூட செய்கிறது என்று ஓரத்தில் குறித்துவைத்தார். ஏப்ரல் 15 முதல் 19 வரை மூடிய கதவுகளுக்குள் நடந்த வழக்கில் அவர் வழக்கறிஞரை மறுத்துத் தாமே பேசினார். சமூகம் மாறும் விதிகளைப் படித்துப் படித்தே இந்த முடிவுக்கு வந்ததாகவும், எண்ணிக்கையில் சிறிய, அறிவும் நியாய உணர்வும் தவிர வேறு பலமற்றவர்களுக்குத் தற்காப்புக்கென எஞ்சியிருப்பது பயங்கரவாதம் ஒன்றே என்றும் வாதிட்டார். ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஒழுங்கு அந்தப் பேச்சில் இருக்கிறது. அதுவே அதைப் படிக்க அச்சம் தருவதாகவும் ஆக்குகிறது.

தாய் என்ன செய்தார்?

செய்தி சிம்பிர்ஸ்க்கை எட்டியவுடன், அதுவரை வந்துபோன குடும்ப நண்பர்கள் அந்த வீட்டை ஒதுக்கத் தொடங்கினர். கணவரை இழந்து ஓராண்டு சற்றே கடந்திருந்த மரியா அலெக்சாந்த்ரவ்னா தலைநகருக்குத் தனியே பயணப்பட்டார். மார்ச் 28 அன்று பேரரசருக்கு மனு எழுதினார். மகன் எப்படிப்பட்டவன் என்பதை அந்தத் தாயே பார்த்துக்கொள்ளட்டும் என்ற குறிப்போடு சந்திக்க அனுமதி கிடைத்தது.

முதல் சந்திப்பில் மகன் தாயின் கால்களில் விழுந்து அழுது மன்னிப்புக் கேட்டார். பெற்றோருக்கு ஆற்ற வேண்டிய கடமை மட்டுமன்றி நாட்டுக்கு ஆற்ற வேண்டிய கடமையும் இருக்கிறதே அம்மா என்றார். வழிமுறைகள் கொடியவை அல்லவா என்று தாய் கேட்டபோது, வேறு வழி இல்லாதபோது என்ன செய்வது என்று பதில் சொன்னாராம். நீதிமன்றத்தில் மகன் பேசியதைக் கொஞ்சம் கேட்ட தாய், முழுவதும் கேட்கத் தாங்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். தீர்ப்புக்குப் பின் கருணை மனு எழுதச் சொல்லி அவர் மன்றாடினார். மகன் நெடுநேரம் மறுத்தார்: இருவர் ஆயுதம் ஏந்தி மோதும்போது, தான் சுட்டுவிட்டு எதிரியைப் பார்த்து நீ சுடாதே என்று எப்படிக் கேட்பது? இறுதியில் தாய்க்காகவும் தம்பி தங்கையருக்காகவும் மனு எழுதினார். அதில் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, கொள்கையை மறுக்கவும் இல்லை. மனு பயன்தரவில்லை.

ஆன்னாவின் நினைவுக் குறிப்பில் ஒரு சிறு செய்தி உண்டு. தமக்கு முப்பது ரூபிள் கடன் இருக்கிறது என்றும், அடகிலுள்ள பதக்கத்தை மீட்டு விற்றால் நூற்று முப்பது கிடைக்கும், அதில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள் என்றும் அலெக்சாந்தர் தாயிடம் கேட்டுக்கொண்டார். இரவல் வாங்கிய நூல்களை உரியவரிடம் சேர்க்கவும் சொன்னார். ஒரு மனிதரைக் கொல்லத் துணிந்தவர் முப்பது ரூபிள் கடனோடு சாக மனம் ஒப்பவில்லை. விடைபெறும்போது தாய் திரும்பத் திரும்பச் சொன்னது, தைரியமாக இரு என்பதுதான்.

மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது?

வழக்கில் நிறுத்தப்பட்ட பதினைந்து பேருக்கும் முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐவரைத் தவிர மற்றவர்களுக்குத் தண்டனை குறைக்கப்பட்டது. அலெக்சாந்தர், ஷெவிரியோவ், ஒசிபானவ், கெனராலவ், அந்திரேயூஷ்கின் ஆகியோர் மே 8 அதிகாலையில் தூக்கிலிடப்பட்டனர். லுகஷேவிச்சும் நவருஸ்கியும் ஷ்லிஸ்ஸல்பர்க்கில் நீண்ட சிறைவாசம் அனுபவித்தனர். போலந்து மாணவர் பிரோனிஸ்லாவ் பில்சூத்ஸ்கி சகாலின் தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே வாழ்ந்த ஐனு மக்களின் மொழியையும் வழக்கங்களையும் பதிவுசெய்த அறிஞரானார். பின்னாளில் போலந்தின் ஆட்சித் தலைவரான யூசெஃப் பில்சூத்ஸ்கி அவருடைய தம்பி. தூக்கிலிடப்பட்ட ஐவருக்கும் காலம் கிடைத்திருந்தால் அவர்களும் என்னவாகியிருப்பார்கள் என்று பிரோனிஸ்லாவின் வாழ்க்கையைப் படிக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

“நாம் வேறு வழியில் செல்வோம்” என்று லெனின் அன்றே சொன்னாரா?

அண்ணனின் மரணச் செய்தியைக் கேட்டு விளாதிமிர் சொன்னதாக, அப்போது ஒன்பது வயதாக இருந்த தங்கை மரியா பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்த வாசகம் அது. பதினேழு வயதில் அத்தனை தெளிவான அரசியல் முடிவை விளாதிமிர் எடுத்திருப்பார் என்று நம்புவது கடினம். உறுதியாகத் தெரிந்தது இது: அண்ணன் தூக்கிலிடப்பட்ட அதே மே மாதத்தில் விளாதிமிர் பள்ளி இறுதித் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார், காசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாணவர் போராட்டத்துக்காக வெளியேற்றப்பட்டார்.

அந்த முயற்சியால் ஏதாவது மாறியதா?

அவர்கள் கேட்ட எதுவும் கிடைக்கவில்லை. பேரரசர் 1894இல் நோயால் இறக்கும்வரை ஆண்டார். மக்கள் பிரதிநிதிகள் சபை என்ற பெயரில் ஏதோ ஒன்று ரஷ்யாவில் கூடியது 1906இல்தான். அதைக் கொண்டுவந்தது 1905இல் நாடெங்கும் நடந்த வேலைநிறுத்தங்களும் கிளர்ச்சிகளும்.

கல்வித்துறையிலோ பிடி இன்னும் இறுகியது. 1887 ஜூன் 18 அன்று, ஐவரையும் தூக்கிலிட்டு ஆறு வாரம் ஆகுமுன், கல்வி அமைச்சர் தெல்யானவ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வண்டியோட்டிகள், வீட்டு வேலையாட்கள், சமையற்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள் முதலியோரின் பிள்ளைகளை, அபாரத் திறமை உள்ளவர்களைத் தவிர, உயர்நிலைப் பள்ளிகளில் சேர்க்க வேண்டாம் என்றது அது. இந்தச் சதி ஒன்றே அதற்குக் காரணம் அன்று. அந்தத் திசையில் அரசு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால் படித்த ஏழை ஆபத்தானவன் என்று வாதிட்டவர்களுக்கு மார்ச் 1 மறுக்க முடியாத சான்றாக அமைந்துவிட்டது. தையற்காரரின் மகனான இலியா உலியானவ் சிறுவனாக இருந்த காலத்தில் அப்படி ஓர் உத்தரவு இருந்திருந்தால், அவர் எந்த உயர்நிலைப் பள்ளியின் வாசலையும் மிதித்திருக்க முடியாது.